தென்னம்பிள்ளை காய்க்குங் காலம்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ‘டித்வா’ என்னும் பெயர் பெற்ற சூறாவளி இந்நாட்டின்மேற் சென்றது. மலையகத்தில் மண் சரிந்து வீடுகளை மூடிற்று. மகாவலியும் களனியும் கரைபுரண்டன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நடந்துகொண்டிருந்த க.பொ.த. உயர்தரப் பரீட்சை இடையில் நின்றது. அந்நாள்களில் நம்மவர் காட்டிய ஈகையைக் குறைத்துப் பேச யாருக்கும் நா எழாது. கோயில் மடங்களில் ஊருக்காக உலை வைத்தார்கள். பாடசாலை மண்டபங்களில் அரிசியும் பருப்பும் பால்மாவும் பொதிகளாயின. வாலிபர் இரவிரவாக அவற்றை லொறிகளில் ஏற்றினார்கள். எல்லாம் ஒருவாறு ஓய்ந்த பின்னர், யான் கற்பிக்கும் பண்டித வகுப்பிலே மாணாக்கர் ஒருவர், “ஐயா, இன்னும் எத்தனை நாளைக்குச் சேர்க்க வேண்டும்?” என்று கேட்டார். சலிப்பினாற் கேட்டாரல்லர், கணக்குத் தெரிந்துகொள்ளக் கேட்டார். அவ்வினாவுக்கு விடை கூறப் புகின் 1978ஆம் ஆண்டின் மட்டக்களப்புக்குப் போகவேண்டியிருக்கிறது.

போகுமுன் சொற்களைச் சிறிது பார்த்துவிடுதல் நன்று. பண்டிதனுக்கு அந்தப் பழக்கம் விடாது. புயல் என்னுஞ் சொல் பழைய நூல்களில் மேகத்தையும் மழையையுமே பெரும்பாலும் குறித்தது. திருக்குறளில் வான்சிறப்பு ஓதியவர்கள் இதனை அறிவர். வாழ்வு தருவதற்குப் பெயராயிருந்தது பிற்காலத்தில் அழிவுக்குப் பெயராயிற்று. மட்டக்களப்பார் சூறாவளி என்பர். அங்கே அதற்கு அடைமொழி எதுவும் வேண்டியதில்லை. ‘சூறாவளி’ என்றால் 1978தான். இனி, நிவாரணம் என்பது நீக்குதல், தடுத்தல் என்னும் பொருளது. பசி வந்தால் அன்றைய பசியை நீக்குவது நிவாரணம். புனர்வாழ்வு என்பதோ மீண்டும் வாழ்தல். முன்னது கொடுப்பவன் செய்யுங் கருமம்; பின்னது இழந்தவன் செய்யுங் கருமம், நாம் அதற்குத் துணை நிற்கலாம், அவ்வளவே. கந்தோர்க் கடிதங்களில் இவ்விரண்டையும் ‘அனர்த்த முகாமைத்துவம்’ என்னும் ஒரே கோணியில் இட்டுக் கட்டிவிடுகிறார்கள். அனர்த்தத்தை முகாமை செய்வது எங்ஙனம் என்று என் மாணாக்கர் கேட்பதுண்டு. அது நிற்க.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் தேதி இரவு. கார்த்திகை மாரி. வயல்களிலே பெரும்போகப் பயிர் நின்ற காலம். அவ்விரவிலே சூறாவளி மட்டக்களப்புக் கரையில் ஏறி, மேற்கே பொலன்னறுவைவரை சென்று நாசம் விளைத்தது. இறந்தோர் 900க்கு மேற்பட்டோர் என்றும், பாதிக்கப்பட்டோர் 10 இலட்சத்தைக் கடந்தனர் என்றும், சேதமுற்ற வீடுகள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் என்றும் கணக்குகள் வெளிவந்தன. 240 பாடசாலைக் கட்டடங்கள் சேதமுற்றன. மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்த 11 நெற்களஞ்சியங்களுள் 9 அழிந்தன. மீன்பிடி வள்ளங்களில் ஐந்திலொரு பங்கு போயிற்று. அரசாங்கம் 60 கோடி ரூபாவுக்கு மேற் செலவிட்டது. நாட்டின் பிற பாகங்களிலிருந்தும் உதவி சென்றது. யான் அப்பொழுது கீழ்வகுப்பு மாணவன். எங்கள் பாடசாலையிலே வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டினோம். சிறு கைகளாற் பிடித்தாற் பிடியரிசி சிறுத்துவிடும் என்று சொல்லி, எங்கள் ஆசிரியர் வீட்டிலுள்ள பெரியவர்களின் கையாலே அள்ளச் சொன்னது இன்றும் நினைவில் நிற்கிறது.

இக்கணக்கில் யான் ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். மட்டக்களப்பு மாவட்டத்திலே 28,000 ஏக்கர் தென்னங்காணி இருந்தது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அந்த ஓரிரவில் அழிந்தது.

வீட்டின் சுவரை ஒரு மாதத்தில் எழுப்பலாம். தெருவை மூன்று மாதத்திற் சீர்செய்யலாம். அறுந்த மின்கம்பி 130 மைலாயினும், ஆளும் பொருளும் இருந்தால், இழுத்துவிடலாம். தென்னையை எவ்வாறு எழுப்புவது? அதற்கு அவசரம் என்பது தெரியாது. நெற்றைத் தேர்ந்து நாற்றுமேடையில் இட வேண்டும். முளை கண்டு, பிள்ளை திரண்டு, மாரி பார்த்துக் குழியில் வைக்க வேண்டும். இந்நாட்டு நெட்டைத் தென்னை முதற் பாளை விட ஆறேழு ஆண்டு செல்லும். நிறைந்த பலன் தர இன்னும் பல ஆண்டுகள் கழியும். 1929இல் தோன்றிய லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையத்தார் எத்தனையோ நல்லினங்களை உண்டாக்கியிருக்கிறார்கள். எனினும் ஒரு பெருமரத்தை ஓராண்டில் உண்டாக்கும் வித்தையை அவர்களும் கண்டிலர்.

இங்கே இன்னுமொரு சங்கடம் உண்டு, தோட்டங்கண்டவர்கள் அறிவார்கள். விழுந்த தென்னங்குற்றிகள் அகற்றப்படாது கிடந்து உக்குமாயின், அவற்றிலே காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பெருகிய வண்டு எங்கே போகும்? புதிதாக வைத்த இளம்பிள்ளையின் குருத்தைத் துளைக்கப் போகும். ஆதலால் நாற்றுக் கொடுப்பதற்கு முன்னே குற்றியை அறுத்து அகற்றக் கூலி கொடுத்தல் வேண்டும். நாற்று வழங்கும் விழாவுக்குப் படம் பிடிப்பார் வருவர். குற்றி அகற்றும் இடத்துக்கு ஒருவரும் வாரார். ஆனால் நாற்றுப் பிழைப்பதும் சாவதும் அந்த இடத்திலேதான் தீர்மானமாகிறது.

தென்னை என்றாற் காய் மட்டுமன்று என்பதை நம் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கீழ்க்கரை ஊர்களிலே கூரைக்குக் கிடுகு, வேலிக்கு மட்டை, வலைக்குக் கயிறு, அடுப்புக்குப் பாளையும் சிரட்டையும், கறிக்குப் பால், விளக்குக்கு எண்ணெய் எல்லாம் அம்மரமே. சூறாவளி வீட்டின் கூரையைக் கொண்டுபோயிற்று. கூரை வேய்தற்குரிய கிடுகைத் தந்த மரத்தையும் கொண்டுபோயிற்று. காய் பறித்தவன், உரித்தவன், கிடுகு பின்னிய பெண், கயிறு திரித்த கிழவி ஆகிய நால்வருடைய கூலியும் ஒரே இரவில் நின்றது. நட்டஈட்டுப் பத்திரத்திலே காணிக்காரன் பெயர் மாத்திரமே இருக்கும், அதுதான் முறை. மற்றை நால்வரும் எந்தப் பத்திரத்தில் இருக்கிறார்கள்?

வாழைச்சேனைப் பக்கத்து ஊரொன்றுக்கு 2003ஆம் ஆண்டிலே ஒரு கருமமாகச் சென்றிருந்தேன். தங்கிய வீட்டு வளவிலே தென்னைகள் ஏறத்தாழ ஒரே உயரமாக நின்றன. பழைய வளவுகளில் மூத்ததும் இளையதுமாகக் கலந்து நிற்றலே வழக்கமாதலால், இஃது எனக்கு வியப்பாயிருந்தது. அவ்வீட்டு மூதாட்டியாரைக் கேட்டேன். “இதெல்லாம் சூறாவளிக்குப் பிறகு வெச்ச பிள்ளைகள், மகன்,” என்றார். சற்றுப் பொறுத்து, “காய்க்கக்குள்ள நாங்க ஊரில இல்ல,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். மேலே யானுங் கேட்டிலேன்.

1979இல் வைத்த பிள்ளை 1985, 86 அளவிலே பாளை விட்டிருக்கும். அந்த ஆண்டுகளில் கிழக்கிலங்கை இருந்த நிலையை நாம் அறிவோம். 1990இல் எத்தனையோ ஊர்கள் வெறிச்சோடின. சூறாவளிக்குக் கொடுத்த உதவியின் பயனை அறுவடை செய்யவேண்டிய பருவத்தில், உதவி பெற்றவர்கள் அகதி முகாமில் இருந்தார்கள். மீண்டு வந்து சில ஆண்டுகள் செல்லுமுன் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களாக எழுதுவது சரித்திரகாரருக்கு வசதி. அந்த மூதாட்டியாருக்கு அது ஒரே கதை. ஒரு துன்பத்திலிருந்து எழுந்து முடியுமுன் மற்றொன்று வந்தால் இரண்டாவதன் பாரம் இரட்டிப்பாகும் என்பதை நிவாரணக் கணக்கு காட்டாது. ஒவ்வொரு முறையும் புதிய கொப்பியில் முதலாம் பக்கத்திலிருந்து தொடங்குவது அக்கணக்கின் இயல்பு.

மணிமேகலை பாடஞ் சொல்லும்போது ஆபுத்திரன் கதையில் யான் எப்பொழுதும் சற்றுத் தாமதிப்பதுண்டு. மதுரையிலே சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியை அளிக்கிறாள். அள்ள அள்ளக் குறையாத அப்பாத்திரங்கொண்டு அவன் பசித்தோரையெல்லாம் ஊட்டுகிறான். இந்திரன் வந்து வரம் வேண்டுமோ என, அவனை ஆபுத்திரன் எள்ளி நகைக்கிறான். சினந்த இந்திரன் என்ன செய்தான்? பன்னிரண்டாண்டு மழையின்றிக் கிடந்த பாண்டிநாட்டிலே மழையைப் பெய்வித்தான். வளஞ் சுரந்தது. உண்பதற்கு ஒருவரும் வந்திலர். உண்ண வருவாருண்டோ என்று ஊரூராய்க் கேட்டுத் திரிந்த ஆபுத்திரனைப் பார்த்து ஊரார் சிரித்தனர். பின்னர் அவன் சாவக நாட்டிற் பஞ்சமென்று கேட்டுக் கப்பலேறியதும், மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டதும், ஊட்டுதற்கு ஆளில்லாத தீவிலே பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாதிருந்து உயிர் துறந்ததும் கதை.

மாணாக்கர் ஆபுத்திரனுக்காக இரங்குவர், இரங்க வேண்டியதே. ஆயினும் பாண்டிநாட்டுக் குடியானவன் பக்கத்தில் நின்று அப்பகுதியைப் படித்துப் பாருங்கள். அமுதசுரபிக்கு வேலை இல்லாதுபோன நாளன்றோ அவனுக்கு நல்ல நாள்? வஞ்சத்தினாற் பெய்த மழையாயினும் அது மழைதான். அவனுடைய வயல் விளைந்தது. இன்னொருவன் கையை அவன் பார்க்க வேண்டியதில்லை. நிவாரணஞ் செய்வோர் தம் வேலையின் முடிவு இதுவே என எண்ணிக்கொள்ளல் வேண்டும். நடைமுறையில் நாம் காண்பது வேறு. வாங்குவோர் குறைந்தால் கொடுப்போருக்கு ஒருவித மனத்தாங்கல் உண்டாகிறது. மணிபல்லவத்தில் நின்ற ஆபுத்திரன் போல, பாத்திரத்தை ஏந்தியவாறு ஆளைத் தேடுகிறோம்.

அவசரத்தினாலும் கேடு விளைவதுண்டு. 2004இல் கடல்நீர் புகுந்த கீழ்க்கரைக் கிணறுகளைத் துப்புரவாக்க எத்தனையோ நல்லவர்கள் நீரிறைக்கும் இயந்திரங்களோடு வந்தார்கள். அளவோடு இறைத்தல் தக்கதே. மீண்டும் மீண்டும் இறைத்த இடங்களில் அடியிலுள்ள உவர்நீர் மேலேறிற்று. மணற்றரையிலுள்ள சில கிணறுகள் இடிந்தும் போயின. மாரி மழை நிலத்துட் சென்று உவர்ப்பைத் தள்ளவே கிணறுகள் மெல்ல மெல்ல நன்னீராயின. அதே காலத்தில் சிறு வள்ளங்கள் சில கரைகளில் முன்னிருந்ததினுங் கூடுதலாக வந்து சேர்ந்தன. வேறு சில கரைகளில் வேண்டியவர்க்குக் கிடைத்தில. கரைவலை இழுப்போரின் நிலை இன்னும் மோசம். வலையும் தோணியும் சம்மாட்டியுடையவை. இழுப்பவர் பங்குக்கு இழுப்பவர். தோணி இழந்தவர் யார் என்று கேட்டால் சம்மாட்டி கையுயர்த்துவார். தொழில் இழந்தவர் யார் என்று கேட்டால் இருபது பேர் கையுயர்த்துவர். எந்த வினாவைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து உதவி போய்ச் சேரும் வீடு மாறுகிறது.

மலையகத்துக்கு இப்பொழுது இவ்வினா மிகவும் பொருந்தும். சரிவின் அடியிலிருந்த லயத்திலே மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்குப் பெரும்பாலும் அந்த லயம் சொந்தமன்று. அது நின்ற நிலமும் சொந்தமன்று. வீடிழந்தோருக்கு வீடு, காணியிழந்தோருக்குக் காணி என்று சட்டம் நேராக எழுதப்பட்டாலும், இழந்ததாகக் காட்ட அவர்களிடத்தில் உறுதி இல்லை. சரிவு அபாயமுள்ள இடத்துக்குத் திரும்பற்க என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் கூறுவது சரி; அது உயிர்காக்குஞ் சொல். ஆனால் அதனோடு, வேறெங்கே போவதென்ற சொல்லும் வருதல் வேண்டும். 1964 டிசம்பரில் வீசிய புயலாலே பாக்குநீரிணைக்கு அக்கரையிலுள்ள தனுஷ்கோடி அழிந்தது. பிரயாணிகளோடு வந்த புகைவண்டியைக் கடல் கொண்டது. மதராஸ் அரசாங்கம் அவ்வூரை மக்கள் வாழ்தற்குத் தகாத இடமென அறிவித்தது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி அங்கே இறங்கிய தலைமுறை நம்மிடையே இன்னும் சிலர் உளர். ஊரைக் கைவிடுதலும் சிலவேளை அறிவுடைமையாகும். அங்கே மீனவர் பலர் தடையிருந்தும் கடலை விட்டகலாது குடிசை போட்டுத் திரும்பவும் இருந்தனர். வாழ்க்கை எங்கே உண்டோ அங்கேதான் மனிதன் திரும்புவான். அறிவித்தல் பலகை அவனைத் தடுக்காது.

வங்கத்தின் சரித்திரத்தையும் நம் ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நலம். 1970 நவம்பர் 12ஆந் தேதி இரவு, அன்று கிழக்குப் பாகிஸ்தானாயிருந்த கரைநாட்டிலே சூறாவளியும் கடற்பெருக்கும் சேர்ந்து வந்தன. இறந்தோர் மூன்று இலட்சத்துக்குக் குறையார்; ஐந்து இலட்சம் வரையிருக்கலாம் என்பாரும் உளர். வங்காளதேசம் பிறந்தபின், 1972இல் அரசாங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் கூடி ஊர்தோறுந் தொண்டர்களைப் பயிற்றத் தொடங்கின. கொடி ஏற்றவும், ஒலிபெருக்கியோடு வீடு வீடாய்ச் செல்லவும், முதியோரைத் தூக்கிச் செல்லவும் பழகினார்கள். கரையெங்கும் உயரமான புகலிடங்கள் எழுந்தன. 1991இல் மறுபடியும் பெருஞ்சூறாவளி. இறந்தோர் ஏறத்தாழ 1,38,000. பணி இன்னும் முற்றவில்லை என்பது அதனாற் புலனாயிற்று. அவ்வாண்டில் ஆண்களிலும் பெண்களே மிகுதியாக மாண்டனர். வீட்டை விட்டு வெளிப்படுவதற்கும், ஆடவரோடு ஒரே கூடத்தில் இருப்பதற்கும் தயங்கினமை அதற்கு ஒரு காரணம். மாட்டை விட்டு வர மனமின்றி இருந்தோரும் உண்டு. ஆகவே பின்னர்ப் பெண்களுக்குத் தனியறை வந்தது. மாடுகளுக்கு மண்மேடு வந்தது. 2007இல் ‘சிடர்’ வந்தபோது இறந்தோர் ஏறத்தாழ 3,400. இதுவும் பெருந்தொகையே. ஆனால் முப்பத்தைந்தாண்டு உழைப்பு எத்தனை உயிரைக் காத்தது என்பதை யாரும் கணித்துக்கொள்ளலாம். இதிலே எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. அப்புகலிடங்களிற் பல சாதாரண நாள்களில் பாடசாலைகள். ஆண்டில் ஓரிரு இரவுக்காகக் கட்டிய கட்டடம் மற்றை நாள்களிற் பூட்டிக் கிடந்து பாழாவதில்லை. பிள்ளைகள் ஓடியாடித் திரிந்த இடமாதலால் ஆபத்து நேரத்தில் அங்கே செல்வதற்கு அச்சமும் இல்லை.

நம் நாட்டிலோ இது தலைகீழாய் நடக்கிறது. வேறு கூரையில்லாமையால் பாடசாலை முகாமாகிறது. முகாமானபின் பாடசாலை நின்றுவிடுகிறது. மேசை வாங்குகள் அடுப்பெரிக்கப் போகின்றன. முகாம் கலைந்த பிறகும் அவ்வகுப்புகள் பல மாதம் தேறுவதில்லை. அந்தப் பிள்ளைகள் பரீட்சையிற் பின்தங்கினால், காரணம் எந்த அறிக்கையிலும் எழுதப்படுவதில்லை.

ஆகவே என் மாணாக்கர் கேட்ட கேள்விக்கு விடை இது: ஆறேழு ஆண்டு. அரிசி அத்தனை காலம் வேண்டியதில்லை. அரிசி ஒரு மாதத்தோடு நின்றால் நன்று. ஒரு பாடசாலை மற்றொரு பாடசாலையைக் கைப்பிடித்து நிற்றல் அத்தனை காலம் வேண்டும். நனைந்துபோன பிறப்புப் பத்திரத்தின் பிரதி எடுக்கக் கச்சேரிக்குப் போகவேண்டிய தாய்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தல், நின்றுபோன பிள்ளையைத் தேடி அழைத்து வருதல், நாற்றுக் கேட்பவனுக்கு எங்கே கிடைக்குமென்று சொல்லுதல் ஆகிய இவையெல்லாம் எழுத்தறிந்தவர் செய்யக்கூடிய, காசில்லாத கருமங்கள். இலக்கிய வட்டத்தினர் அனுதாபக் கவியரங்கு நடத்துகிறார்கள், நடத்தட்டும். அவ்வரங்குக்கு வரும் இருபது பேரும் ஆளுக்கொரு குடும்பத்தின் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தபின் கவி பாடினால், கவியும் சற்று நன்றாயிருக்கும் என்பது என் எண்ணம்.

தலைமையாசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒவ்வொரு பாடசாலையிலும் சம்பவத்திரட்டு என்றொரு புத்தகம் உண்டு. பெரும்பாலும் அதிகாரிகள் வந்துபோன நாளே அதில் எழுதப்படுகிறது. பாதிக்கப்பட்ட பகுதிகளிலுள்ள பாடசாலைகள், தம் பிள்ளைகளின் குடும்பங்கள் இழந்தவை யாவை, அக்குடும்பம் செய்த தொழில் யாது, இன்று எங்கே இருக்கிறது என்பவற்றை அப்புத்தகத்தில் எழுதி, ஒவ்வோராண்டும் நவம்பர் இறுதியில் எடுத்துப் பார்த்து மேலும் எழுதிவர வேண்டும். 2026இல் வைக்கும் தென்னம்பிள்ளை 2032 அளவிற் பாளை விடும். 2026இல் முதலாம் வகுப்பிற் சேரும் பிள்ளை அப்பொழுது ஏழாம் வகுப்பில் இருக்கும். இப்போதுள்ள ஆசிரியர் பலர் அங்கே இரார்; இடமாற்றம் வந்திருக்கும். ஆதலினாலேதான் புத்தகத்தில் எழுதச் சொல்கிறேன்.